யார்கிட்ட இருந்து வந்துச்சுன்னு கேக்காதீங்க

லேப்ல ரிப்போர்ட் குடுக்குறவங்க வாயத் திறக்கக்கூடாதுன்னு எங்க வேலையில ஒரு எழுதாத சட்டம் இருக்கு. "டாக்டர்கிட்ட காட்டுங்கம்மா"ன்னு கவரை நீட்டணும், அவ்ளோதான். சுகர், தைராய்டு, யூரின் எல்லாத்துக்கும் இது ஒத்துவரும். ஹெச்பிவின்னு கர்ப்பப்பை வாய் கேன்சருக்குக் காரணமான வைரஸ் இருக்கு, அதோட ரிப்போர்ட்டுக்கு மட்டும் ஒத்துவராது, ஏன்னா கவுண்டர்லயே கவரைப் பிரிச்சு, பாசிட்டிவ்னு பாத்ததும் முகம் வெளுத்துப்போய், அங்கயே நின்னு போன்ல தேடி, பாலியல் தொற்றுன்னு ஒரு வரி கண்ணுல பட்டதும் அப்படியே நிமிர்ந்து நம்மளப் பாப்பாங்க. கேன்சரான்னு கேக்குறவங்க கம்மிதான். முதல்ல வர்ற கேள்வி, சத்தமே வராம, "இது யார்கிட்ட இருந்து வந்துருக்கும் சிஸ்டர்?" நான் சிஸ்டர் இல்ல, டெக்னீஷியன். ஆனா வெள்ளைக் கோட்டு மாட்டுன பொம்பள எல்லாருமே இங்க சிஸ்டர்தான், அது கெடக்கட்டும்.

அந்தக் கேள்விக்குப் பதில் என்னன்னா, தெரியாது, யாராலயும் சொல்லவும் முடியாது. அந்த டெஸ்ட் இன்னைக்கு இந்த வைரஸ் அங்க இருக்குன்னு மட்டும்தான் சொல்லும். எப்ப வந்துச்சு, எந்த வழியா வந்துச்சு, எத்தன வருஷமா சத்தமில்லாம கெடந்துச்சுன்னு சொல்லாது. கல்யாணத்துக்கு முன்னாடி புருஷனுக்கு வந்து, அவருக்கே தெரியாம இருந்து, கல்யாணத்துக்கு அப்புறம் மனைவிக்கு வந்து, பத்து வருஷம் கழிச்சு டெஸ்ட்ல மாட்டலாம். ஒரே ஒருத்தரோட மட்டும் வாழ்ந்த பொம்பளைக்கும் வரும். ஆம்பளைங்களுக்கு இத வழக்கமா பாக்குற டெஸ்டே கெடையாது, அதனால "நீங்களும் போய்ப் பாத்துட்டு வாங்க"ன்னு சண்டை போட்டும் பிரயோஜனம் இல்ல. எனக்குத் தெரிஞ்ச ஒரு வீட்டுல இந்த ஒரு தாளை வச்சுக்கிட்டு மருமகள அம்மா வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. கேன்சர் இல்ல, கேன்சருக்கு முந்துன மாற்றம் கூட இல்ல, வெறும் வைரஸ் பாசிட்டிவ். மறுபடி டெஸ்ட்டுக்கு வரச் சொன்ன நேரத்துல அந்தப் பொண்ணு பஞ்சாயத்துல உக்காந்திருந்துச்சு.

சரி, இந்த வைரஸ் எவ்ளோ சாதாரணம்னு சொல்றேன். ஹெச்பிவி, அதாவது ஹ்யூமன் பாப்பிலோமா வைரஸ்ங்கறது ஒண்ணு இல்ல, இருநூறுக்கும் மேல வகை இருக்கு. சின்னப் பிள்ளைங்க கைவிரல்ல, உள்ளங்கால்ல வர்ற மரு இருக்குல்ல, அதுவும் இந்தக் குடும்பந்தான். அதுல ஒரு நாப்பது வகை பிறப்புறுப்புப் பக்கம் ஒட்டும், அந்த நாப்பதுல ஒரு பதினாலு வகைய மட்டும் ஆபத்தானதுன்னு பிரிச்சு வச்சிருக்காங்க. அதுலயும் 16, 18ன்னு ரெண்டே ரெண்டு வகைதான் கர்ப்பப்பை வாய் கேன்சர்ல நூத்துக்கு எழுபதுக்குக் காரணம். 6, 11 ரெண்டும் கேன்சர் பண்ணாது, அந்த இடத்துல மரு மட்டும் வரவைக்கும். உடலுறவு வாழ்க்கை இருக்குற ஆம்பள பொம்பள பெரும்பாலானவங்களுக்கு வாழ்நாள்ல ஒரு தடவையாவது இதுல ஏதோ ஒண்ணு வந்துட்டுப் போயிருக்கும், நெறையப் பேருக்கு வந்ததும் தெரியாது போனதும் தெரியாது. அந்த இடத்துல தோல் மேல தோல் பட்டாலே பரவும்ங்கறதால காண்டம் கூட முழுசா காப்பாத்தாது, கொறைக்கும். பத்துல ஒம்போது பேருக்கு ரெண்டு வருஷத்துக்குள்ள உடம்பே அத வெளிய தள்ளிடும். மருந்து மாத்திரை எதுவும் இல்லாம. சொல்லப்போனா வைரஸ கொல்ற மாத்திரைன்னு எதுவும் இதுக்குக் கெடையாது, அப்படின்னு சொல்லி யாராவது பவுடர் டப்பா வித்தா வாங்காதீங்க.

மிச்சம் இருக்குற அந்த ஒருத்தர்தான் விஷயம். வைரஸ் போகாம ஒக்காந்துக்கும். எங்க ஒக்காரும்னா, கர்ப்பப்பை வாய்ல ரெண்டு வகை செல்லு சந்திக்கிற ஒரு எடம் இருக்கு. உள்பக்கம் சளி சுரக்குற நீளமான செல்லு, வெளிப்பக்கம் தோல் மாதிரி தட்டையான செல்லு, இந்த ரெண்டும் மாறிக்கிட்டே இருக்குற எல்லை அது. வயசுக்கு வந்த சமயத்துலயும் அதுக்கப்புறம் சில வருஷமும் அந்த மாற்றம் வேகமா நடக்கும். கண்ணுக்குத் தெரியாத சின்னக் கீறல் வழியா வைரஸ் அடி வரிசை செல்லுக்குள்ள போயிரும். ரத்தத்துக்குள்ள எறங்காது, அதனால காய்ச்சல் இல்ல, வலி இல்ல, உடம்போட காவல் ஆளுங்களுக்கு நியூஸே போறதில்ல.

நான் மைக்ரோஸ்கோப்புல பாக்குறது இதோட அடுத்த கட்டம். கர்ப்பப்பை வாய்ல இருந்து செல்ல லேசாச் சுரண்டி பாப் ஸ்மியர்னு எடுத்து, ஸ்லைடுல தேச்சு, காய விடாம உடனே ஆல்கஹால்ல போட்டு அனுப்புவாங்க (காஞ்ச ஸ்லைடு வந்தா எனக்கு வர்ற கோவத்த இங்க எழுத முடியாது). ஸ்டெயின், அதாவது சாயம் போட்டதும் செல்லு நடுவுல இருக்குற நியூக்ளியஸ் நீலமா, சுத்தி இருக்குறது ரோஸ், பச்சைன்னு வரும். ஹெச்பிவி புகுந்த செல்லுல நியூக்ளியஸ் பெருசாகி, ஓரமெல்லாம் சுருக்கம் விழுந்துபோய், அதச் சுத்தி வெள்ளையா ஒரு வளையம் காலியா இருக்கும். கொய்லோசைட்னு பேரு. அதப் பாத்தாலே வைரஸ் வேலை பாத்துக்கிட்டு இருக்குன்னு தெரியும், ஆனா அதுவும் கேன்சர் கெடையாது, பெரும்பாலும் தானா சரியாப் போற கட்டம்.

கேன்சர் பக்கம் போறது எப்படின்னா, வைரஸோட ஜீன் நம்ம செல்லோட டிஎன்ஏக்குள்ளயே போய் ஒட்டிக்கும். அதுக்கப்புறம் ஈ6, ஈ7ன்னு ரெண்டு புரதம் கட்டுப்பாடில்லாம உற்பத்தி ஆகும். நம்ம செல்லுல பி53ன்னு ஒரு புரதம் இருக்கு, டிஎன்ஏ கெட்டுப்போன செல்லு பெருகாம நிறுத்துறதும், சரிபண்ண முடியலன்னா சாகடிக்கிறதும் அதோட வேலை. ஈ6 அதப் பிடிச்சு அழிச்சிடும். ஆர்பின்னு இன்னொண்ணு செல்லு கண்டபடி பிரியாம தடுக்குறது, ஈ7 அத முடக்கிடும். ரெண்டும் போச்சுன்னா கெட்ட செல்லு கெட்டதாவே பெருகும். ஆனாலும் ஒரே ராத்திரில எதுவும் நடக்காது. வைரஸ் வந்ததுல இருந்து கேன்சர் ஆகுறதுக்கு சாதாரணமா 15 வருஷம், 20 வருஷம் ஆகும். ஹெச்ஐவி இருந்து அதுக்கு மருந்து எடுக்காம எதிர்ப்பு சக்தி விழுந்து போனவங்களுக்கு 5ல இருந்து 10 வருஷம். சிகரெட்டும் இந்த வேகத்தக் கூட்டும்.

வைரஸுக்கும் கேன்சருக்கும் நடுவுல இருக்குற கட்டத்த, அதாவது கேன்சருக்கு முந்துன மாற்றத்த, வைத்தியம் பண்ணாம விட்டா என்ன ஆகும்னு தெரிஞ்சுக்க உலகம் ஒரு அநியாயத்தப் பாக்க வேண்டியிருந்துச்சு. நியூசிலாந்து ஆக்லாந்துல நேஷனல் விமன்ஸ் ஹாஸ்பிடல்னு ஒண்ணு, அங்க ஹெர்பர்ட் கிரீன்னு ஒரு பெரிய டாக்டர், 1966ல இருந்து கேன்சருக்கு முந்துன மாற்றம் இருக்குற பொம்பளைங்களுக்கு முழு வைத்தியம் பண்ணாம சும்மா பாத்துக்கிட்டே இருந்தார். அது கேன்சரா மாறாதுன்னு அவருக்கு நம்பிக்கை. அந்தப் பொம்பளைங்ககிட்ட யாரும் கேக்கவும் இல்ல, சொல்லவும் இல்ல. 1987ல ரெண்டு பொம்பளைங்க பத்திரிகைல எழுதி வெளிய கொண்டுவந்ததும் சில்வியா கார்ட்ரைட்னு ஒரு நீதிபதி தலைமையில விசாரணை நடந்துச்சு. பின்னாடி 2008ல அந்தப் பழைய ஃபைல்கள எடுத்துக் கணக்குப் போட்டாங்க, சரியா வைத்தியம் பண்ணாம விட்டவங்கள்ல 30 வருஷத்துல நூத்துக்கு முப்பது பேருக்கு மேல கேன்சர் வந்திருந்துச்சு, ஒழுங்கா வைத்தியம் பண்ணவங்களுக்கு நூத்துக்கு ஒண்ணு கூட இல்ல. இன்னைக்கு நாங்க "சிஐஎன் 3"ன்னு, அதாவது கேன்சருக்கு முந்துன மாற்றத்துல கடைசிக் கட்டம்னு, ரிப்போர்ட் எழுதும்போது டாக்டர் ஏன் அவசரப்படுத்துறாங்கன்னா அந்தப் பொம்பளைங்களாலதான்.

வைரஸ்தான் காரணம்னு கண்டுபிடிச்ச கதையும் கொஞ்சம் சொல்லணும். இத்தாலில ரிகோனி ஸ்டெர்ன்னு ஒருத்தர் 1842லயே வெரோனா ஊரோட சாவுக் கணக்க எடுத்துப் பாத்து, கன்னியாஸ்திரிகளுக்கு கர்ப்பப்பை கேன்சர் ரொம்பக் கம்மியா இருக்கு, கல்யாணம் ஆனவங்களுக்குத்தான் அதிகம்னு எழுதி வச்சார். அதுலயே தெரிஞ்சுபோச்சு இது எந்தப் பக்கமா வருதுன்னு, ஆனா அப்புறம் நூறு வருஷத்துக்கு மேல ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. 1970கள்ல ஹெர்பிஸ்ங்கற வேற ஒரு வைரஸ்தான் காரணம்னு எல்லாரும் முடிவே பண்ணிட்டாங்க. ஜெர்மனில ஹரால்ட் சூர் ஹாசன் மட்டும் கேன்சர் கட்டில ஹெர்பிஸ் தேடுனா கெடைக்கலயே, மரு வர்ற வைரஸத் தேடுவோம்னு பிடிவாதமா தேடி, 1983ல 16ஐயும் அடுத்த வருஷம் 18ஐயும் கண்டுபிடிச்சார். 2008ல நோபல் பரிசு. உலகம் முழுக்க ஆராய்ச்சி லேப்ல வளக்குற ஹீலா செல்லு, அது 1951ல பால்டிமோர்ல கர்ப்பப்பை வாய் கேன்சர்ல செத்துப்போன ஹென்ரியட்டா லாக்ஸ்ங்கற 31 வயசு அம்மாவோட கட்டில இருந்து அவங்களக் கேக்காமலே எடுத்தது, அதுக்குள்ளயும் இந்த 18தான் இருந்துச்சு.

இதெல்லாம் ஜெர்மனி, அமெரிக்கா கதை. எங்க ஊருப் பக்கம் நடந்தத எங்க ஊர்க்காரங்களுக்கே தெரியலங்கறதுதான் எனக்கு ஆதங்கம்.

ஒட்டன்சத்திரம்னா காய்கறி மார்க்கெட்டுன்னு எல்லாருக்கும் தெரியும். அதுக்குப் பக்கத்துல அம்பிளிக்கை. அங்க கிறிஸ்டியன் ஃபெலோஷிப் சமுதாய சுகாதார மையம் இருக்கு. 2000த்துல ஆரம்பிச்சு திண்டுக்கல் மாவட்டக் கிராமங்கள்ல ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆராய்ச்சி அமைப்பும் சேந்து. கேள்வி ரொம்ப சிம்பிள். பாப் ஸ்மியருக்கு லேப் வேணும், என்னய மாதிரி ஒரு டெக்னீஷியன் வேணும், ரிப்போர்ட் வர நாளாகும், அந்தக் கிராமத்துப் பொம்பள மறுபடி வரமாட்டா. அதுக்குப் பதிலா வினிகர்ல இருக்குற அதே அசிட்டிக் ஆசிட்ட தண்ணியா கலந்து கர்ப்பப்பை வாய்ல தடவி ஒரு நிமிஷம் பொறுத்தா, மாற்றம் இருக்குற இடம் வெள்ளையாத் திட்டாத் தெரியும். அத டிரெயினிங் குடுத்த நர்ஸே பாத்து, தேவைப்பட்டா அதே நாள்லயே குளிரூட்டி உறைய வச்சு அழிச்சு விட்டுட்டா? 30ல இருந்து 59 வயசு வரைக்கும் 49,000 பேர டெஸ்ட்டுக்குக் கூப்பிடுற பக்கம் வச்சாங்க, ஒப்பிட்டுப் பாக்க இன்னொரு 30,000 பேர்.

2007ல லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகைல முடிவு வந்துச்சு. ஒரே ஒரு தடவை பண்ண அந்த டெஸ்ட்டால கர்ப்பப்பை வாய் கேன்சர் வர்றது 25 சதவீதம் கொறஞ்சிருந்துச்சு, சாவு 35 சதவீதம் கொறஞ்சிருந்துச்சு. வினிகர் தடவிப் பாத்தே கேன்சர் சாவக் கொறைக்க முடியும்னு உலகத்துக்கே முதல்ல காட்டுனது திண்டுக்கல் மாவட்டத்துப் பொம்பளைங்க. தோட்டத்துக்குப் போறவங்க, மில்லுக்குப் போறவங்க, பூ கட்டுறவங்க. அவங்க யாரும் "யார்கிட்ட இருந்து வந்துச்சு"ன்னு விசாரிச்சுக்கிட்டு நிக்கல, வந்து படுத்து டெஸ்ட் பண்ணிட்டு வேலைக்குப் போனாங்க. அதுக்கு அப்புறம் 2009ல இன்னொரு முடிவு வந்துச்சு, மகாராஷ்டிராவுல அப்ப உஸ்மானாபாத்னு இருந்த மாவட்டத்துல ஹெச்பிவி டெஸ்டையே ஒரு தடவை பண்ணிப் பாத்ததுல சாவு பாதியாக் கொறஞ்சுது. ஹெச்பிவி டெஸ்ட்தான் இருக்குறதுலயே நம்பகமானது, அதுல சந்தேகம் இல்ல. ஆனா அது இல்லாத ஊர்ல வினிகரே போதும்னு நிரூபிச்சது நம்ம ஆளுங்க.

இவ்ளோ இருந்தும் நெலவரம் என்ன? 2022 கணக்குப்படி இந்தியாவுல ஒரு வருஷத்துல ஒண்ணே கால் லட்சத்துக்கு மேல பொம்பளைங்களுக்குப் புதுசா இந்தக் கேன்சர், சாவு கிட்டத்தட்ட 80,000. குடும்ப நலக் கணக்கெடுப்புல (2019-21) 30ல இருந்து 49 வயசுப் பொம்பளைங்கள்ல ஒரு தடவையாவது டெஸ்ட் பண்ணிருக்கீங்களான்னு கேட்டதுக்கு இந்தியா முழுக்க 100ல 2 பேர் கூட ஆமான்னு சொல்லல. தமிழ்நாடு எவ்வளவோ பரவால்ல, பத்துல ஒருத்தர். பரவால்லன்னு சொல்றதுக்கே வெக்கமா இருக்கு.

இப்ப தடுப்பூசிக்கு வரேன், இதுக்குத்தான் எனக்கு வாட்சப்ல அதிகமா கேள்வி வருது. எங்க மதினி, சித்தி பொண்ணுங்க, பழைய ஸ்கூல் குரூப்பு, எல்லாத்துக்கும் சேத்து ஒரே இடத்துல எழுதிடுறேன்.

ஊசிக்குள்ள வைரஸ் இல்ல. ஆஸ்திரேலியாவுல இயன் ஃப்ரேசரும் ஜியான் ஜோவும் 1991ல கண்டுபிடிச்சது என்னன்னா, வைரஸோட வெளிக்கூட்டுல இருக்குற புரதத்த மட்டும் தனியா உற்பத்தி பண்ணா அது தானாவே ஒண்ணு சேந்து வைரஸ் வடிவத்துல உருண்டு நிக்கும். உள்ள ஒண்ணும் இருக்காது. பதர் இருக்குல்ல, பாக்க நெல்லு மாதிரியே இருக்கும், வெதச்சா முளைக்காது, அந்தக் கதைதான். உடம்பு அந்த வெளிக்கூடப் பாத்து ஆன்டிபாடி பண்ணி வச்சுக்கும், அதுவும் கைத் தசைல போடுறதால உடம்புக்கு நல்லாவே தெரியும், நெஜ வைரஸ் வந்துட்டுப் போனா கெடைக்குற எதிர்ப்ப விடப் பல மடங்கு. 2006ல கார்டசில்ங்கற ஊசி வந்துச்சு. நம்ம சீரம் இன்ஸ்டிடியூட்டோட செர்வாவாக் 2023 ஜனவரில வந்துச்சு, 6, 11, 16, 18 நாலுக்கும். வந்தப்ப டோஸ் ரெண்டாயிரம் ரூபா கிட்ட இருந்துச்சு. ஒம்போது வகைக்குப் போடுற கார்டசில் 9 அதவிடப் பல மடங்கு வெலை.

"ஆந்திராவுல பிள்ளைங்க செத்துப்போச்சாமே"ன்னு ஒரு ஃபார்வர்டு ரொம்ப நாளா சுத்துது. அது முழுப் பொய்யும் இல்ல, அதனாலதான் இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு. 2009ல, அப்ப ஆந்திராவுல இருந்த கம்மம் மாவட்டத்துலயும் குஜராத் வதோதராவுலயும் பாத்ங்கற அமெரிக்க அமைப்பும், நம்ம மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐசிஎம்ஆரும் சேந்து பொண்ணுங்களுக்கு இந்த ஊசி போட்டுப் பாத்தாங்க. அது நடந்துக்கிட்டு இருந்த சமயத்துல ஏழு பொண்ணுங்க செத்துப்போனாங்க. விசாரிச்சுப் பாத்ததுல பூச்சி மருந்து, பாம்புக்கடி, தண்ணில மூழ்குனது, மலேரியான்னு ஊசிக்குச் சம்பந்தமில்லாத காரணங்கள். ஆனா விசாரணைல இன்னொண்ணும் வெளிய வந்துச்சு, ஹாஸ்டல் பொண்ணுங்களுக்கு அம்மா அப்பாகிட்ட கேக்காம ஹாஸ்டல் வார்டன்கிட்ட கையெழுத்து வாங்கியிருந்தாங்க. பெரும்பாலும் பழங்குடிப் பிள்ளைங்க. 2013ல பார்லிமென்ட் கமிட்டி இத நல்லாத் திட்டி எழுதுச்சு, திட்டுனது சரிதான். ஊசி நல்ல ஊசிங்கறதால கேக்காமப் போட்டது நியாயம் ஆயிடாது. பயப்படுற அம்மாவ முட்டாள்னு சொல்ற டாக்டருங்களுக்கும் இத ஞாபகப்படுத்தணும்.

இதுல யாரும் எதிர்பாக்காத ஒண்ணு நடந்துச்சு. அதே 2009ல இந்தியாவுல ஒம்போது இடத்துல வேற ஒரு ஆராய்ச்சி ஓடிக்கிட்டு இருந்துச்சு, அம்பிளிக்கை அதுலயும் உண்டு. மூணு டோஸ் வேணுமா ரெண்டு போதுமான்னு பாக்குறது அது. கம்மம் பிரச்சினையால 2010 ஏப்ரல்ல அரசாங்கம் எல்லா ஹெச்பிவி ஊசி ஆராய்ச்சியையும் நிப்பாட்டுச்சு. அதுக்குள்ள 17,700 சொச்சம் பொண்ணுங்க ஊசி போட்டிருந்தாங்க, அதுல கிட்டத்தட்ட 5,000 பேர் ஒரே ஒரு டோஸோட நின்னுபோனாங்க. ஆராய்ச்சி பாழாப் போச்சுன்னு மூட்ட கட்டியிருக்கலாம். ஆனா அந்தப் பொண்ணுங்கள விடாம வருஷா வருஷம் தேடிப் போய்ப் பாத்தாங்க, கல்யாணம் ஆகி வேற ஊருக்குப் போனவங்களையும் கூட. பத்து வருஷம் கழிச்சுப் பாத்தா ஒரு டோஸ் போட்டவங்களுக்கும் 16, 18 வகைங்க நெலச்சு நிக்கிறது 95 சதவீதம் தடுக்கப்பட்டிருந்துச்சு. மூணு டோஸ் போட்டவங்களுக்குக் கெடைச்ச அதே அளவு. கென்யாவுல தனியா ஒரு ஆராய்ச்சி பண்ணப்பவும் இதேதான் வந்துச்சு. 2022 கடைசில உலக சுகாதார நிறுவனம் 9ல இருந்து 20 வயசு வரைக்கும் ஒரு டோஸே போதும், ரெண்டும் போடலாம்னு சொல்லிடுச்சு. இன்னைக்கு ஏழை நாடுங்க பல இடத்துல ஒரே ஊசியோட பொண்ணுங்களக் காப்பாத்துதுன்னா அதுக்குப் பெரிய ஆதாரமா நிக்கிறது பாதில நிறுத்துன நம்ம ஊரு ஆராய்ச்சி.

வேலை செய்யுதான்னு கேட்டா, ஸ்காட்லாந்துல 12, 13 வயசுல ஊசி போட்ட பொண்ணுங்க வளந்து பெரியவங்களாகி, அவங்கள்ல ஒருத்தருக்குக் கூட இந்தக் கேன்சர் வரலன்னு 2024ல கணக்கு வந்துச்சு. ஒருத்தருக்குக் கூட இல்ல.

தமிழ்நாட்டுல 2025 பட்ஜெட்ல 14 வயசுப் பொண்ணுங்களுக்கு இலவசமா, படிப்படியா போடப்போறோம்னு சொல்லி 36 கோடி ஒதுக்குனாங்க. இந்த வயசச் சொன்னதும் எங்க சொந்தத்துலயே ஒரு பெரியம்மா, "பதினாலு வயசுப் பிள்ளைக்கு இந்த மாதிரி ஊசி எதுக்குடி, நாம என்ன அப்படிப்பட்ட குடும்பமா"ன்னாங்க. எனக்கு அந்தப் பேச்சு பழகிப்போச்சு. பெரியம்மா, வைரஸ் வர்றதுக்கு முன்னாடி போட்டாத்தான் ஊசி முழுசா வேலை செய்யும், வந்ததுக்கு அப்புறம் இருக்குற வைரஸ அது விரட்டாது, கல்யாணத்துக்கு நகை சேக்குற மாதிரி அதையும் இப்பவே பண்ணிடுங்கன்னு சொன்னேன். குடும்ப மானத்த ஊசில தேடாதீங்கன்னும் சேத்துச் சொன்னேன், அதுக்கு அப்புறம் கொஞ்ச நாள் அவங்க எங்கூடப் பேசல. ஆனா பேத்திக்குப் போட்டுட்டாங்க. ஊசி போட்டதும் அந்தப் பிள்ளைக்குத் தல சுத்திருச்சாம், உடனே எனக்குப் போன். அந்த வயசுப் பிள்ளைங்களுக்கு எந்த ஊசி போட்டாலும் மயக்கம் வர்றது உண்டு, அதுக்குத்தான் போட்டதும் கால் மணி நேரம் உக்கார வைக்கிறது. கொழந்த பொறக்காதுங்கற புரளிக்கு ஒரு ஆதாரமும் இல்ல. கர்ப்பப்பை வாய் கேன்சர் வந்து ரேடியேஷன் குடுத்தா கண்டிப்பா கொழந்த பொறக்காது, அத யாரும் ஃபார்வர்டு பண்றதில்ல.

பையனுக்குப் போடலாமான்னா, போடலாம். அவனும்தான் பரப்புறான், அவனுக்கும் தொண்டைலயும் ஆசனவாய்லயும் இதே வைரஸால கேன்சர் வரும். ஆஸ்திரேலியாவுல 2013ல இருந்தே பசங்களுக்கும் போடுறாங்க. காசு கொஞ்சமா இருந்தா முதல்ல பொண்ணுக்குப் போடுங்க.

எங்க வயசுக்காரங்களுக்கு, அதாவது இந்த ஊசி வர்றதுக்கு முன்னாடியே கல்யாணம் கட்டுனவங்களுக்கு, டெஸ்ட்தான் வழி. ஊசி போட்ட பொண்ணுங்களும் 30 தாண்டுனதும் டெஸ்ட் பண்ணியே ஆகணும், ஏன்னா ஊசில இல்லாத வகைங்களும் இருக்கு. ஹெச்பிவி டெஸ்ட் நெகட்டிவ்னா அடுத்து அஞ்சு வருஷம் கழிச்சுப் போதும். பாசிட்டிவ்னா கோல்போஸ்கோப்ங்கற கருவில கர்ப்பப்பை வாயப் பெருசாக்கிப் பாப்பாங்க, தேவைன்னா சின்னதா சதை எடுத்துப் பயாப்ஸி. முந்துன கட்ட மாற்றம்னா அந்த இடத்த மட்டும் உறைய வச்சோ, சூடு குடுத்தோ, லீப்னு கரண்டு வளையம் வச்சு வெட்டியோ எடுத்துருவாங்க, பெரும்பாலும் அன்னைக்கே வீட்டுக்கு வந்துரலாம், கர்ப்பப்பையவே எடுக்க வேண்டியதில்ல. வெள்ளப்படுதுன்னு போனவங்ககிட்ட கர்ப்பப்பைய எடுத்துடலாம்னு யாராவது சொன்னா எதுக்குன்னு கேளுங்க, பயாப்ஸி ரிப்போர்ட்ட காட்டச் சொல்லுங்க, வேற ஒரு டாக்டர்கிட்டயும் காட்டுங்க.

உறவுக்கு அப்புறம் ரத்தம் பட்டாலோ, மாதவிடாய்க்கு நடுவுல பட்டாலோ, எல்லாம் நின்னுபோன அப்புறம் திரும்ப ஒரு சொட்டுப் பட்டாலோ, அஞ்சு வருஷக் கணக்கெல்லாம் பாக்காம உடனே போகணும். "நின்னுபோனது திரும்ப வந்துருக்கு, உடம்பு நல்லாயிருக்கு"ன்னு சந்தோசப்பட்டவங்கள நான் பாத்துருக்கேன், அவங்க ஸ்லைடும் என்கிட்ட வந்துருக்கு.

டெஸ்ட்டுக்குப் போறவங்களுக்கு: மாதவிடாய் நேரத்துல போகாதீங்க. ரெண்டு நாள் முன்னாடில இருந்து உள்ள வைக்கிற மாத்திரை, கிரீம் எதுவும் வேணாம், உள்ள தண்ணி விட்டுக் கழுவவும் வேணாம், உறவும் வேணாம். பாவாடை, நைட்டி மாதிரி போட்டுட்டுப் போனா சௌகரியம். லேடி டாக்டரோ நர்ஸோதான் வேணும்னு கேளுங்க, கேக்கலாம், தப்பே இல்ல. ஆரம்ப சுகாதார நிலையத்துல வினிகர் டெஸ்ட்ட ஃப்ரீயா பண்றாங்க, ரெண்டு நிமிஷ வேலை, கொஞ்சம் அழுத்தம் தெரியும், வலின்னு சொல்ல முடியாது. ஹெச்பிவி டெஸ்ட்னா சாம்பிள நீங்களே எடுத்துக் குடுக்குற முறையும் இருக்கு, பஞ்சுக் குச்சியோ சின்ன பிரஷ்ஷோ குடுப்பாங்க, உங்க லேப்ல இருக்கான்னு போன் பண்ணிக் கேட்டுட்டுப் போங்க. அப்புறம் பாப் ஸ்மியர் எடுக்குறவங்க யாராவது இதப் படிச்சா, ஸ்லைட உடனே ஆல்கஹால்ல போடுங்க தாயி, ஃபேன் காத்துல காய விடாதீங்க.